ஓடாத மொறிஸும் ஐந்து குற்றங்களும்

முதலாவது குற்றம். 2003 ஜனவரி. மொறிஸ் மைனரின் பின் ஆசனத்தைக் கழற்றி, வீட்டு விறாந்தையில் விருந்தாளிகள் இருக்க வாங்காகப் போட்டமை.

இரண்டாவது. 2004 டிசம்பர் 25. மறுநாள் காலை கல்குடாக் கடற்கரைக்கு வெள்ளோட்டம் போக இருந்த காரில் றோட்டர் காணாமற் போனமை. (பெருவிரல் அளவுச் சாமான். அது இல்லாவிட்டால் பிளக்குக்கு நெருப்புப் போகாது. கார் வெறும் தகரம்.)

மூன்றாவது. 2006 ஆகஸ்ட். கொழும்பிலிருந்து வேறு றோட்டர் தருவித்துப் பூட்டிய மூன்றாம் நாள், காபரேட்டர் காணாமற் போனமை.

நான்காவது. 2007 மே. தகரப் பெட்டியிலிருந்து கார்ப் பதிவுப் புத்தகம் காணாமற் போனமை. கேட்டதற்கு, "கறையான் அரிக்குமெண்டு அரிசிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கன்" என்று பொறுப்பற்ற பதில் தந்தமை.

ஐந்தாவது. 2009 மே. யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்ன அன்று, நான்கு பிளக்குகளும் ஒன்றாகக் காணாமற் போனமை.

நல்லரத்தினம் இதைக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதினார். ஒன்று எதிரிக்கு. ஒன்று கிராம சேவகருக்கு. ஒன்று வரலாற்றுக்கு.

எதிரி என்பது அவருடைய மனைவி, திருமதி நல்லரத்தினம் சீதேவிப்பிள்ளை.

நல்லரத்தினம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கச் செயலாளர். 'வாசிக்காமல் ஒப்பமிடாதே' என்று அவர் எழுதிய துண்டுப்பிரசுரம் மூன்று பதிப்புக் கண்டது. 'பெண்ணே, அடுப்பை விட்டு வெளியே வா' நான்கு பதிப்பு. வேலைநிறுத்தத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் எல்லாம் இன்றைக்கு மாடி வீட்டில். காட்டிக்கொடுக்காத அவர் கார்க் கொட்டிலில். உலகம் அப்படித்தான் கூலி கொடுக்கும்.

அந்தக் கொட்டிலும் அவருடையது அல்ல. மட்டக்களப்பில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் ஒரு சூட்கேசோடு பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வளவு, வீடு, கிணறு, வட்டைக்குள் இரண்டு ஏக்கர் வயல், வாசலில் நிற்கிற மாமரம் எல்லாம் சீதேவிப்பிள்ளையின் சீதனம். முப்பத்தொரு வருடம் அவர் அங்கே குடியிருந்தார். அவர் பேரில் இருந்தது அடையாள அட்டை ஒன்றுதான்.

பிறகு கார் வந்தது. 2002இல் சமாதானம் என்றார்கள், ரோடு திறந்தார்கள். வாழைச்சேனையிலிருந்து பாலம் தாண்டி ஓட்டமாவடிக்குப் போனார். பழைய இரும்பு வியாபாரி ஆதம்பாவாவின் வளவில் ஐம்பத்தேழாம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று கிடந்தது. என்ஜினுக்குள் எலி. டிக்கிக்குள் அடைகாக்கிற கோழி. அவர் கோழியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ இருந்தது. பன்னிரண்டு வயதில் ஸ்ரீ எதிர்ப்புக்குத் தார் வாளி தூக்கியவர் அவர். கொண்டுவந்த அன்றே அதன் மேல் தார் பூசினார்.

"ஸ்ரீ வேணாமெண்டு தார் பூசுறீங்க," என்றாள் சீதேவிப்பிள்ளை. "சீதேவியைக் கட்டி, மூண்டு நேரமும் சோறு தின்னுறீங்க."

அவர் தாரை இன்னொரு தரம் பூசினார். கொள்கை தெரியாதவர்களோடு விவாதம் வைத்துக்கொள்வதில்லை.

ஆசை ஒன்றுதான். அந்தக் காரை ஓட வைத்து, தானே ஓட்டி, கல்குடா வரை ஒரு தரம் போய் வர வேண்டும். ஊர் பார்த்து, "அது நல்லரத்தினத்தார்ர கார்" என்று சொல்ல வேண்டும். மாமனார் வளவில் தன் பேரில் நான்கு சில்லாவது உருள வேண்டும். அதற்குத்தான் ஏழு வருடம். அதைத்தான் யாரோ துண்டு துண்டாகக் களவெடுக்கிறார்கள்.

பிளக் நான்கும் ஓட்டமாவடியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் வாங்க மறுத்தார். றோட்டருக்கு வேறு வாங்கியது ஒரு சமரசம், காபரேட்டருக்கு வேறு வாங்கியது இன்னொரு சமரசம். மூன்றாம் சமரசம் செய்தால் அது சரணாகதி. முதலில் கள்ளன்.

கொட்டில் வாசலில் கோலமாவைத் தூவி வைத்தார். விடிய வந்து பார்த்தார். இரண்டு பேரின் தடம் இருந்தது. ஒன்று கோழி. மற்றது அவர்தான், விடிய வந்து பார்த்தபோது வைத்தது. நிலையில் நூல் கட்டினார். நூலைக் காணவில்லை, அடுத்த நாள் அவருடைய சேர்ட்டில் பொத்தான் தைத்திருந்தது. கொட்டிலுக்குள் கிடந்த ஆணிகளை எண்ணினார். இருநூற்றிப் பதினாலு. மறுநாள் இருநூற்றிப் பதினாறு. கள்ளன் கொண்டுவந்தும் வைக்கிறானா? சந்தேகம் இன்னும் கூடிற்று. அடுத்த வீட்டு இலட்சுமிப்பிள்ளை ஏன் நாளுக்கொரு தரம் கறிவேப்பிலைக்கு வருகிறாள்? அவளுடைய வளவிலும் மரம் நிற்கிறதே! ஒரு காகத்தையும் இரண்டு நாள் சந்தேகித்தார்.

கடைசியில் நேரடி விசாரணை.

"புள்ள, கொட்டிலுக்குள்ள ஆர் போனது?"

"கோழி."

"கோழி பிளக் கழட்டுமா?"

"நீங்க ஏழு வருசமாக் கழட்டுறீங்க. பார்த்துப் பழகியிருக்கும்."

"பகிடி வேணாம். நான் தொழில் நீதிமன்றத்தில கேக்கிற மாதிரிக் கேக்கிறன். ஓம், இல்லை. ரெண்டில ஒண்டு சொல்லு."

"ஓம், இல்லை."

"ஒண்டு சொல்லெண்டன்!"

"இஞ்சாருங்க, மீன் தீயுது. மத்தியானம் வாங்க, மிச்ச விசாரணைய வைப்பம்."

அவர் வளவு முழுக்கத் தேடினார். கிணற்றுக்குள் பாதாளக்கரண்டி விட்டார். தொலைந்துபோன வாளி வந்தது. நெல் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். மாமரப் பொந்துக்குள் கை விட்டு, முசுறு எறும்பு கடித்து, மூன்று நாள் இடது கையால் சாப்பிட்டார். குசினிக்குள் மட்டும் தேடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அந்த வாசலை அவர் தாண்டியதில்லை. பெண்ணை அடுப்படியை விட்டு வெளியே வரச் சொல்லித்தான் பிரசுரம் எழுதினார். ஆணை உள்ளே போகச் சொல்லி எழுதவில்லை.

நியாயம் நியாயம்தான். எதிரிக்குச் சாதகமான விசயம் ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. கார்ப் புத்தகம் காணாமற் போன அதே 2007இல் சீதேவிப்பிள்ளைக்குப் பொதுநல உணர்வு பிறந்தது. ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். சுனாமி வீடுகளுக்கு மனு, பாலத்து விளக்குக்கு மனு, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மனு. "இதுகள்ள ஒப்பம் வைங்க" என்றாள். அவருக்குக் கண் கலங்கிற்று. இருபத்தொன்பது வருடம் கழித்து வீட்டுக்குள் விழிப்புணர்ச்சி! பதினொரு இடத்தில் ஒப்பம் வைத்தார். ஒன்றையும் வாசிக்கவில்லை. முதலாளியின் காகிதத்தைத்தான் வாசித்து ஒப்பமிட வேண்டும். மக்களின் மனுவை வாசித்துப் பார்க்கிறவன் மக்களை நம்பாதவன். ஒரு தாளில் முத்திரைகூட ஒட்டியிருந்தது. மனுவுக்கு முத்திரை ஒட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாளே என்று பெருமைப்பட்டார்.

அப்படிப்பட்டவள் களவெடுப்பாளா? எடுப்பாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு பையோடு ஓட்டமாவடிக்குப் போகிறாளே!

ஒரு செவ்வாய் அடுத்த பஸ்ஸில் பின்னால் போனார். ஆதம்பாவாவின் கடைக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்தார். சீதேவிப்பிள்ளை கடைக்குள் போனாள். வந்தாள். பை கொஞ்சம் கனத்திருந்தது. அவள் பஸ் ஏறியதும் பாய்ந்தார்.

"ஆதம்பாவா! என்ட பொஞ்சாதிட்ட என்ன வாங்கினாய்?"

"வாங்கல்ல செக்கிரட்டரி. வித்தன்."

"என்னத்த?"

"கிறீஸ் டின் ஒண்டு."

"அவளுக்குக் கிறீஸ் என்னத்துக்கு?"

"ஆட்டுரல் கிறீச்சிடுதாம்."

"ஆட்டுரலுக்கு ஆராவது கிறீஸ் பூசுவானா?"

"அதை என்னட்டக் கேட்டா நான் என்னத்தச் செல்ற? ஒங்கட ஊட்டு உரல்." ஆதம்பாவா தாடியைத் தடவினார். "பத்திரிகைய நேராப் புடிச்சு வாசிங்க மச்சான். அரை மணித்தியாலமாத் தலைகீழாப் புடிச்சிருந்தீங்க."

ஆதம்பாவாவின் பெயரும் சந்தேக நபர் பட்டியலில் ஏறிற்று.

ஜூலையில் கிராம சேவகர் ரதீஸ் வந்தார். வளவுகளில் நிற்கிற வாகனம் எல்லாவற்றையும், ஓடுகிறதோ ஓடாததோ, பதிந்து அனுப்பவேண்டுமாம். நல்லரத்தினம் இதற்காகத்தான் காத்திருந்தார். அரசாங்க உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். அவருக்கு முன்னால் விசாரணையை நடத்தினால் பதிவு இருக்கும். சாட்சிக்கு இலட்சுமிப்பிள்ளை. சந்தேக நபராக ஆதம்பாவாவை வரச் சொல்லியிருந்தார். அவர் ஏனோ சைக்கிளில் ஒரு பற்றரியையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலிக்கு வெளியே ஒழுங்கையில் பாதி ஊர். மேசை போட்டார். தண்ணீர்ச் செம்பு வைத்தார். பின் ஆசனத்தில் எல்லோரையும் இருத்தினார்.

"ஐயா, நான் கார் நம்பரை மட்டும்…" என்றார் ரதீஸ்.

"தாருக்குக் கீழ கிடக்கு. முதல்ல குற்றப்பத்திரிகை. குற்றம் ஒண்டு, பின் ஆசனம்!"

"அதில இருந்துதான் கேட்டுக்கொண்டிருக்கம்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"குற்றம் ரெண்டு, றோட்டர்!"

சீதேவிப்பிள்ளை எழும்பினாள். குசினிக்குள் போனாள். ஒரு சுளகோடு வந்தாள். சுளகில் கிறீஸ் துணி சுற்றிய பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தாள். றோட்டர். புதிது போல மினுங்கிற்று.

கூட்டம் "ஆ" என்றது. நல்லரத்தினம் எழும்பி நின்றார். "ஒப்புக்கொள்றாயா?"

"ஓம். விடிஞ்சா ஞாயிறு. கிணறு இறைக்க ஆள் வேணும். நீங்க கல்குடாவுக்கு ஓடிருவீங்க எண்டு ஒளிச்சன்." அவள் றோட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். "கடல் வருமெண்டு நான் கண்டனா? நீங்க இஞ்ச கிணத்தடியில நிண்டு என்னை ஏசிக்கொண்டு இருந்தீங்க. ஏச்சுக் கேட்டுக்கொண்டு இருக்கக்குள்ளதான் சனம் ஓடி வந்தது."

இலட்சுமிப்பிள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய தம்பி அன்று கல்குடாவில்தான் இருந்தான்.

நல்லரத்தினம் றோட்டரை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். "குற்றம் மூண்டு," என்றார். சத்தம் பாதியாய்க் குறைந்திருந்தது.

காபரேட்டர் மேசைக்கு வந்தது.

"அந்தக் கிழமை வாகனம் கேட்டு ஆக்கள் வந்தாங்க. ஆரெண்டு கேக்கக்கூடாத காலம். முன்வளவு மாஸ்டர்ட வான் ஓடுற வான். வானும் போச்சு, மாஸ்டரும் போனார். நம்மட கார் ஓடாத கார். பார்த்துப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க."

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு, புத்தகம்," என்றார் நல்லரத்தினம், தாளைப் பார்த்து.

"வாகனக்காரர்ர பேர் லிஸ்ட் எடுத்துத் திரிஞ்சாங்க. உங்கட பேர் முதலே எல்லாற்ற லிஸ்டிலயும் கிடக்கு. இதிலயும் ஏறணுமா? அதான் எடுத்தன்."

"அஞ்சு?"

நான்கு பிளக்கும் வரிசையாய் வந்தன. "ஊரெல்லாம் பட்டாசு கொளுத்தச் சொன்ன நாள். நீங்க கறுப்புக் கொடி கட்டிக்கொண்டு கார்ல போகப்போறன் எண்டீங்க. கொடியையும் எடுத்துட்டன். அது இப்ப சட்டிக்குப் புடிதுணி."

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார். நல்லரத்தினம் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். ஐந்து குற்றமும் நிரூபணமாகிவிட்டது. ஆனால் வென்ற மாதிரி இல்லை. இப்படியான நேரத்தில் ஒரு தலைவன் செய்யக்கூடியது ஒன்றுதான்.

"எதிரியை மன்னிக்கிறன்," என்றார்.

"சந்தோசம்," என்றாள் எதிரி. "ஆதம்பாவா காக்கா, பூட்டுங்க."

ஆதம்பாவா பொனெட்டைத் திறந்தார். பற்றரி ஏறிற்று, பிளக் ஏறிற்று. ஒரு போத்தல் பெற்றோலும் சீதேவிப்பிள்ளையிடம் இருந்தது. முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார்கள். ஒரு சுற்று, இருமல். இரண்டாம் சுற்று, புகை. மூன்றாம் சுற்றில் மொறிஸ் மைனர் உடம்பெல்லாம் நடுங்கி, ஓடத் தொடங்கிற்று. கோழிகள் வேலி பாய்ந்தன.

நல்லரத்தினம் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஏழு வருடம்! கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுக்க அவரையே பார்த்தது.

"தம்பி ரதீஸ்! இப்ப பதி. புத்தகத்தைக் கொண்டு வா புள்ள!"

சீதேவிப்பிள்ளை அரிசிப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு வந்தாள். "தம்பி தன்பாட்டில பார்த்து எழுதட்டும்," என்றாள் மெதுவாக.

நல்லரத்தினத்துக்குச் சந்தேகம் மறுபடி மூண்டது. "ஏன்? இதிலயும் என்னத்தையோ ஒளிக்கிறாயா? இந்த வளவில எனக்கெண்டு இருக்கிற ஒரே ஒரு சாமான் இது. உரிமையாளர் பேரைச் சாட்சிகளுக்கு முன்னால உரத்து வாசிக்கணும்."

"வேணாமெண்டு நான் சொல்லல்ல எண்டு பிறகு சொல்லப்படாது."

"வாசி தம்பி!"

ரதீஸ் புத்தகத்தைத் திறந்தார். "வாகனம், மொறிஸ் மைனர். நிறம், சாம்பல். உரிமையாளர்…" அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "நல்லரத்தினம்…"

நல்லரத்தினம் நெஞ்சை நிமிர்த்தி, ஹோர்னை ஒரு தரம் நீட்டி அமத்தினார்.

ஹோர்ன் சத்தம் அடங்கும்வரை ரதீஸ் காத்திருந்தார். பிறகு விரலை அடுத்த வரிக்கு இறக்கினார்.

"…சீதேவிப்பிள்ளை."