இத்தாலி சாரின் கொள்ளுத்தாத்தா

காரைக்காலில் பிரான்சுக்குச் சொந்தம் கொண்டாடாத குடும்பத்தைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். இத்தாலிக்குச் சொந்தம் கொண்டாடியவர் இந்த ஊர் உண்டான நாளிலிருந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தில், எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் இத்தாலி சார். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டால், வாட்ச்மேனே "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆள் நல்ல கறுப்பு. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"சார், இத்தாலிக்காரங்கன்னா செவப்பால்ல இருப்பாங்க?"

"தெக்கத்தி இத்தாலில வெயில் ஜாஸ்தி, தங்கச்சி," என்றார். முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பு இல்லை. மனிதர் எதற்குமே சிரிக்க மாட்டார். நாங்கள்தான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவோம்.

எல்லாம் அவர் அப்பா இறந்த வருஷம் ஆரம்பித்தது. ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட உட்கார்ந்திருக்கிறார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயரை ஐயர் கேட்டார். இரண்டு பெயர் வந்தது. மூன்றாவது வரவில்லை. "தெரியலன்னா சாமி பேரச் சொல்லிடுங்க, பரவால்ல," என்று ஐயர் சொன்னாராம். இவருக்கு மனசு ஆறவில்லை. வீட்டுப் பெட்டியைக் குடைந்து தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்தார். பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதம். அதில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஒரே ஒரு பெயர் இருந்தது: லொரெத்தி.

செல்போனில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தார். இத்தாலியக் குடும்பப் பெயர் என்று வந்தது. அவ்வளவுதான், கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கிவிட்டார்!

அடுத்த அமாவாசைக்கு அந்தப் பெயரையே கொடுத்தார். அதைச் சமஸ்கிருத மந்திரத்துக்குள் அடைக்க ஐயர் பட்ட பாட்டில் பக்கத்து வரிசைக்காரர்கள் தங்கள் தாத்தா பெயரையே மறந்துவிட்டார்களாம். பிறகு வம்சாவளி தேடும் இணையதளங்களில் சேர்ந்தார். மதிய இடைவேளையில் தமிழில் எழுதி, செல்போனில் இத்தாலிய மொழிக்கு மாற்றி, அங்குள்ள மாதா கோயில்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினார். ஞானஸ்நானப் பதிவு கேட்டுத்தான். ஒரு புண்ணியவான் பதில் போட்டு, அவர்கள் ஊர் லொரெத்தி கிழவர் ஒருவரின் படத்தையும் அனுப்பியிருந்தார். இத்தாலி சார் அதைக் காதோடு வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"காதப் பாரு தங்கச்சி. அப்படியே உரிச்சு வச்சிருக்கா இல்லியா?"

காது என்றால் எல்லோருக்கும் காது மாதிரிதானே இருக்கும்? "ஆமா சார்," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஒரு தை அமாவாசையன்று காலையிலேயே அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, நீயாவது அவருக்குப் புத்தி சொல்லேன். படையலுக்கு மக்ரோனி வைக்கணுமாம்! தாத்தா வாழக்காப் பொரியல் சாப்பிடுவாரோ மாட்டாரோன்னு ராவெல்லாம் தூங்கல. இந்தக் கூத்த நான் எங்க போயிச் சொல்றது?" மறுநாள் மனிதர் இடிந்துபோய் வந்தார். காக்கா வடையைக் கொத்திக்கொண்டு போனதாம், மக்ரோனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "கோவமா இருக்காரும்மா," என்றார். அன்று சாயங்காலம் வரை ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எதுக்கு சார் இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"எனக்குப் புள்ள இல்ல, தங்கச்சி. நான் போயிட்டா அவரக் கூப்பிட ஆள் இல்ல. இருக்கறவரைக்குமாவது சரியாக் கூப்பிட்டுடணும்."

சில மாதம் கழித்து, என் மகனின் பிரான்சுக் குடியுரிமை விண்ணப்பத்துக்காக என் பாட்டனார் கல்யாணப் பதிவின் நகல் வாங்க மேரிக்குப் போக வேண்டியிருந்தது. நகராட்சியைப் பழையவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். "நீங்களும் வாங்க சார், உங்க தாத்தாவோடதையும் கேட்டுப் பாப்போம்," என்றேன். ரோம் வரைக்கும் மெயில் போட்ட மனிதர், நடந்து போகிற தூரத்தில் இருந்த மேரியில் அதுவரை கேட்டதே இல்லை. வெள்ளைக்காரரைப் பற்றி இங்கே என்ன இருக்கப்போகிறது என்பது அவர் கட்சி.

அங்கிருந்த ஊழியப் பெண் சார் கொண்டுவந்திருந்த பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், ஒரு பழைய பதிவைக் கொண்டுவந்து பிரெஞ்சைத் தமிழாக்கி வாசித்தாள்.

"போலகம் மாரிமுத்து மகன் சின்னத்தம்பி, விவசாயம். சாதி வழக்கத்த விட்டுட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு வர்றாரு. இனிமே குடும்பப் பேரு லொரெத்தி."

"அப்ப இத்தாலி?" என்றார் சார்.

"இத்தாலியெல்லாம் இல்லீங்க. அப்படி எழுதிக் குடுத்தவங்க எல்லாரும் ஒரு குடும்பப் பேரு வச்சுக்கணும். புடிச்ச பேர வச்சுக்குவாங்க. உங்க கொள்ளுத்தாத்தா இத வச்சிருக்காரு."

இத்தனை வருஷம் அவர் கட்டிய கோட்டையை நானே கூட்டிவந்து இடித்துவிட்டேனே என்று இருந்தது. அவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார்.

"அந்தப் பேர இன்னொருவாட்டி வாசிங்கம்மா."

"சின்னத்தம்பி."

"சின்னத்தம்பி," என்று தானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"நான் கடல் தாண்டித் தண்ணி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன், தங்கச்சி. மனுஷன் இதோ பக்கத்துல, போலகத்துல தாகத்தோட உக்காந்திருக்காரு."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன். கூடப்பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.