டிக்கியில் மூன்றாம் அத்தியாயம்

எங்கள் உகாண்டாவில் எண்ணிக்கை குறைந்துவரும் இனங்கள் பல உண்டு. அவற்றுக்காகக் கூட்டம் போடுகிறோம், கட்டுரை எழுதுகிறோம், கவலைப்படுகிறோம். ஆனால் ஓர் இனம் மட்டும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அமோகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. கம்பாலாவில் எந்தப் பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்றாலும் நீங்கள் அதைப் பார்க்கலாம். ஒரு கையில் சாவி, மறுகையில் கைபேசி, பின்னால் ஓட்டமும் நடையுமாக ஒரு ஆராய்ச்சி மாணவி. அதுதான் 'படிச்சிட்டே இருக்கேன்' பேராசிரியர்.

கவனியுங்கள். 'படித்துவிட்டேன்' என்று அவர் சொல்லமாட்டார். 'படிக்கவில்லை' என்றும் சொல்லமாட்டார். பொய் சொல்வது அவருக்குப் பிடிக்காது. மாணவர் கொடுத்த அத்தியாயத்தை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்து, காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்கும் மாமியார் வீட்டிலிருந்து வந்த வாழைத்தாருக்கும் நடுவில் பத்திரமாக வைப்பார். அங்கிருந்து அந்த அத்தியாயம் மசாக்காவில் ஒரு சாவுக்குப் போகும், ஜிஞ்ஜாவில் ஒரு கருத்தரங்குக்குப் போகும், எண்டெபே விமான நிலையத்துக்கு இரண்டு முறை போய்வரும். எழுதியவளைவிட அது அதிகம் ஊர் சுற்றியிருக்கும். யாராவது படித்திருப்பார்களா? ஆறாம் மாதம் வெளியே வரும்போது முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்விக்குறி இருக்கும். எதற்கு என்று கேட்டால், "அதைத்தாம்மா நீ யோசிக்கணும்" என்பார். அவளும் மூன்று வாரம் யோசிப்பாள்.

என் சக ஊழியர் பேராசிரியர் கியிங்கி இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. அவருடைய மாணவி நபுக்கீரா ஆடுகளின் குடற்புழுக்களை நான்கு வருடம் ஆராய்ந்தவள். ம்பராராவில் ஒரு கல்லூரி அவளுக்காக ஆசிரியர் வேலையைப் பிடித்துவைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கியிங்கியின் கையெழுத்தோடு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் வேலை வேறொருவருக்கு. பாக்கியிருந்த மூன்றாம் அத்தியாயமோ ஒரு பழுப்புக் கோப்பில் எட்டு மாதமாக டிக்கியில்.

"புரொபசர், என் அத்தியாயம்..."

"படிச்சிட்டே இருக்கேன்மா. விஷயம் ரொம்ப ஆழமாப் போகுது."

"நாப்பது பக்கந்தானே, புரொபசர்?"

"ஆழத்தைப் பக்கத்தால அளக்கலாமா?"

துறைச் செயலர் பெர்பெச்சுவாதான் வழி சொன்னார். "ஆபீஸ்ல அவரை எதிர்பார்க்காதே கண்ணு. விருந்து எங்கேன்னு பாரு. சனிக்கிழமை நம்ம லேப் பையனுக்குக் குவஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டுக்கு இவர்தான் பேச்சாளர்."

குவஞ்சுலா என்ற பெண் கேட்கும் சடங்கில் பெண் வீட்டார் எதிர்ப்பந்தலில் உட்கார்ந்துகொண்டு, சீர்க்கூடைகளோடு வந்திருக்கும் நம்மைப் பார்த்து 'யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள்' என்று ஒன்றும் தெரியாததுபோல் கேட்பார்கள். நம் பேச்சாளர் மாப்பிள்ளையின் குலம், பாட்டன், பூட்டன் எல்லாம் சொல்லி மடக்க வேண்டும். தப்பு செய்தால் அபராதம். கியிங்கிக்கு வெண்கலக் குரல். வம்சாவளியை மாப்பிள்ளை ஒரு மாதம் முன்பே பழுப்பு நிறக் கோப்பில் போட்டுக் கொடுத்திருந்தான். படித்தீர்களா என்று அவன் கேட்டபோதெல்லாம் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த மதியம் முந்நூறு பேருக்கு முன்னால், வெள்ளைக் கன்ஸு அங்கியும் கோட்டுமாக எழுந்து, டிக்கியிலிருந்து வந்த பழுப்புக் கோப்பைத் திறந்து, முன்கூட்டிப் பார்க்காமல் அப்படியே படிக்கும் பழக்கப்படி அவர் முழங்கினார்:

"எடுத்துக்கொள்ளப்பட்ட நூற்றிருபது ஆடுகளில் எழுபத்தெட்டு ஆடுகளின் குடலில் புழுக்கள் காணப்பட்டன!"

சீர்க்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கூடை மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெண் வீட்டுப் பேச்சாளர் சந்தோஷம் தாங்காமல் எழுந்தார்.

"ஐயா, ஆடு கொண்டுவந்தது தெரியும். புழுவும் சீர்லதான் சேர்த்தியா?"

கியிங்கி அசரவில்லை. "எங்க பையன் அவ்வளவு நேர்மையானவன். ஆட்டோட உள்விவகாரத்தைக்கூட மறைக்கமாட்டான்."

பந்தல் குலுங்கியது. ஆனால் பெண்ணின் அத்தை நலோங்கோ சிரிக்கவில்லை. அவரிடம் சொந்தமாக அறுபது ஆடுகள் இருந்தன.

"எப்பப் பாத்தீங்க? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கியிங்கி பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

"உங்க கையில இருக்கறதுதானே? படிக்கலையா?"

"படிச்சிட்டே... இருக்கேன், அம்மா."

அப்போது கடைசி வரிசையில், இரவல் கோமெஸி அங்கியில், நபுக்கீரா எழுந்தாள். "மழை தொடங்கி மூணாவது வாரம், அத்தை. குட்டிக்கும் தாய்க்கும் தனித்தனியாப் பாத்தேன்."

"மருந்து ஊத்தியும் புழு போகமாட்டேங்குதே, ஏன்?"

"ஆட்டோட எடையைக் கண்ணாலேயே மதிப்புப் போட்டு ஊத்துறோம். கொறைச்சலாப் போகுது. புழு சாகாம மருந்துக்குப் பழகிடுது."

"எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா இதைத்தான் பண்றார்!" என்று அத்தை கணவர் பக்கம் திரும்பினார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு அரைமணி நேரம் அத்தைமார்கள் மாறி மாறிக் கேட்டார்கள், அவள் நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னாள். எங்கள் துறையில் இருபது வருடமாக நான் உட்கார்ந்த எந்தத் தேர்வுக் குழுவிலும் இவ்வளவு நல்ல கேள்விகளைக் கேட்டதில்லை. கடைசியில் நலோங்கோ அத்தை அபராதம் விதித்தார்.

"இந்தப் புள்ள எழுதினதை ஐயா இங்கேயே உக்காந்து முழுசாப் படிக்கணும். அதுவரைக்கும் பொண்ணும் வெளிய வராது, சோறும் வராது."

வாழையிலைப் பொதியில் வெந்த கோழியின் வாசனை வந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் ஒருவரையே பார்த்தோம். அவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினால் ஒரு அத்தை "ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. பதினைந்தாம் பக்கத்தில் கியிங்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தெட்டில் பென்சில் கேட்டார். "அட, இது நல்லா இருக்கேம்மா!" என்றார் முப்பத்தைந்தில், நிஜமான ஆச்சரியத்தோடு. நாற்பதாம் பக்கம் முடிந்ததும் அவள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய படிவத்தில், என் சீர்க்கூடையின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பந்தலிலிருந்தும் குலவைச் சத்தம் எழுந்தது. நானும் கூடை மூடியில் தாளம் தட்டினேன். பாதி பசியாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள். இப்போது ம்பராராவில் பாடம் நடத்துகிறாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் டிக்கியை, மேசை இழுப்பறையை, கைபேசியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். 'பாத்துட்டுச் சொல்றேன்' என்று யாரிடமோ வாங்கி வைத்தது ஒன்றுமே இல்லையா? அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை அதுதான். என் ஸ்டெப்னிக்கு அடியில் இரண்டு பேருடைய அத்தியாயங்கள் கிடந்தன. படித்துக்கொண்டே இருக்கிறேன்.

நலோங்கோ அத்தைக்கு இன்னும் கல்யாணமாகாத அண்ணன் மகள்கள் நான்கு பேர் இருக்கிறார்களாம். யாருக்கு அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. எதற்கும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.