இயக்குநர் ஆற்றில் விழுந்த விவரம்

பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்படி ஒரு ஆசிரியையும் எட்டு மாணவர்களும் கடல் கடந்து சென்று, உலக அறிவைப் பெற்று, அதைச் சேதாரம் இல்லாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கல்வித்துறை முடிவு செய்தது. கல்வித்துறை முடிவு செய்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அறிவு பெற வேண்டிய இடங்கள், பெறும்போது நிற்க வேண்டிய வரிசை எல்லாம் சுற்றறிக்கையிலேயே வந்துவிட்டன.

துணைக்குப் போகப் பூகோள டீச்சரைப் பொறுக்கினார்கள். பாவம், உலகத்தையே பாடமாக நடத்தித் தொண்டை வற்றியவர். உலகம்தான் அவரை இதுவரை கண்டுகொள்ளவில்லை. அதிலும் அந்த ஏழாவது பாடத்துப் பெரிய ஆறு இருக்கிறதே, அதன் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். வருஷா வருஷம் நீலச் சாக்பீஸால் பலகையில் வளைத்து வளைத்து வரைந்து, "இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது, தெரியுமா?" என்று கண்ணை விரிப்பார். நேரில் போய் நின்றவர் மாதிரியே சொல்வார். வாய்க்கால் தாண்டி எதையும் பார்த்ததில்லை. போகும் இடங்களின் வரிசையில் அந்த ஆற்றின் பெயரும் இருந்ததைக் கண்டதும் மனுஷிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஆத்தைப் பாக்கப் போறேங்க," என்றார் வீட்டுக்காரரிடம், மறுபடி மறுபடி.

"பாத்துட்டு வா. தண்ணி பக்கம் மட்டும் போயிடாதே," என்றார் அவர்.

புறப்படும் முன் கல்வி இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் பாய் சுருட்டியதுபோல ஒரு பேனர். அதை விரிக்க அறை போதாமல் வராந்தாவரை விரித்தார்கள். நடுவில் இயக்குநரின் சிரித்த முகம். மீசை மட்டுமே ஒரு பெஞ்சு நீளம் இருந்தது. மீசைக்குக் கீழே, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில், 'மாணவர் பரிமாற்றம்' என்று போட்டிருந்தது.

"எங்க போனாலும் இதைப் பிடிச்சுட்டு நின்னு படம் எடுத்து அனுப்பணும். படத்துல பேனர் இல்லன்னா அந்த இடத்துக்கு நீங்க போகலைன்னு அர்த்தம்."

"போயிருந்தா கூடவா சார்?"

"போனதுக்கு என்ன அத்தாட்சி?"

"பிள்ளைங்க கத்துக்கிட்டது இருக்குமே சார்."

"அது படத்துல விழுமா?"

விழாதுதான். டீச்சர் பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

இப்படியாக மேற்படி குழு வெளிநாடு சென்று சேர்ந்தது. பேனருக்கு இரண்டு பக்கமும் கம்பு. ஒன்றை டீச்சர் பிடிக்க வேண்டும், இன்னொன்றை மற்ற ஏழு பேரும் 'தடியன்' என்று கூப்பிடும் பையன். மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். பேனர் அவர்களை விட உயரம் என்பதால் படத்தில் இயக்குநரும், அவருக்குக் கீழே பதினெட்டுக் கால்களும் மட்டும் விழுந்தன. முன்னால் பேனரின் முதுகு, பின்னால் பார்க்க வேண்டிய பொருள். திரும்பிப் பார்த்தால் படம் கலைந்துவிடும்.

"டீச்சர், நமக்குப் பின்னாடி பெரிய எலும்புக்கூடு இருக்காம்," என்பாள் வாயாடி. குழுவில் அவள்தான் அந்த ஊர் பாஷை பேசுவாள். நம்ம பாஷையும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவாள்.

"இருக்கட்டும். அசையாதே."

அங்கேயுள்ள பள்ளியில் வகுப்பறைக்குள் பேனர் நுழையவில்லை. அதனால் வகுப்பைப் பெஞ்சோடு வெளியே தூக்கி வந்தார்கள். நல்ல மனிதர்கள். அந்த ஊர் வாத்தியார் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"இவர் எப்போ செத்துப்போனார்னு கேக்கறார் டீச்சர்," என்றாள் வாயாடி.

"ஐயையோ! நல்லா இருக்காருன்னு சொல்லுடி."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய படம்னு கேக்கறார்."

டீச்சர் யோசித்தார். "மரியாதைக்குன்னு சொல்லு," என்றார். வாத்தியார் பேனரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கடைசி நாள் ஆறு. கரையில் முதுகைக் காட்டி நின்றார்கள். அந்த ஊர் வாத்தியார் கேமராவோடு எதிரே நின்றார். டீச்சர் முதுகுக்குப் பின்னால் அப்படி ஒரு இரைச்சல்! பலகையில் வரைந்த ஆறு ஒரு நாளும் சத்தம் போட்டதில்லையே. பிடரியில் சாரல் பட்டது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கிட்ட நின்று, பேனர் முதுகையே பார்த்துவிட்டுப் போவதா என்று அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"டீச்சர், திரும்பிப் பாருங்களேன்! அந்தக் கரையே தெரியல!" என்று கத்தினாள் வாயாடி.

டீச்சர் கம்பை விட்டுவிட்டார். காற்று பிடுங்கிவிட்டது என்பது பிற்பாடு கொடுத்த விளக்கம். உங்களிடம் எனக்கு என்ன ஒளிவு மறைவு, வேண்டுமென்றேதான் விட்டார். தடியன் கையிலிருந்த கம்பும் பறந்தது. பேனர் அவர்கள் தலைக்கு மேலாகப் போய்த் தண்ணீரில் மல்லாந்து விழுந்தது.

டீச்சர் திரும்பி ஆசையாக ஆற்றைப் பார்த்தார். நட்ட நடு ஆற்றில் இயக்குநர் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி போய்க்கொண்டிருந்தார்.

தண்ணீரில் ஒரு ஆள் போவதைப் பார்த்துச் சும்மா இருக்கிற ஊர் இல்லை அது. ஊதல் ஊதினார்கள், படகு விட்டார்கள், கொக்கி போட்டு இழுத்துக் கரையில் கிடத்திக் கம்பளி போர்த்தினார்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப்போன ஒருவரை வாயாடிதான் தடுத்தாள். இந்த அமளியில் ஆற்றின் மிச்சத்தைப் பார்க்க டீச்சருக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் விசாரணை.

"ஆத்துல விழுந்தது எது?"

"பேனர் சார்."

"பேனர்ல இருந்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப விழுந்தது யாரு?"

"அப்படிப் பாத்தா நீங்கதான் சார்."

"சரி, என்னை வெளிய எடுத்தாங்களா?"

"எடுத்துக் கம்பளி போர்த்தினாங்க சார்."

"கம்பளியா?" இயக்குநர் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இங்க ஒருத்தன் எனக்கு ஒரு சால்வை போர்த்தினதில்ல."

இயக்குநரின் உயிரைக் காத்த ஆசிரியை என்று டீச்சருக்குப் பாராட்டு வந்தது. வகுப்பில் பிள்ளைகள், "ஆறு எப்படி இருந்துச்சு டீச்சர்?" என்று மொய்த்தார்கள். பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"மீசை வெச்சிருந்துச்சு," என்றார்.

அடுத்த வருஷத்துச் சுற்றறிக்கை வந்தது. கடந்த பயணத்தில் ஏற்பட்ட இடர்ப்பாடுகளை ஆய்ந்ததில், பசி எடுத்தது, வாந்தி வந்தது, செருப்பைத் தொலைத்தது ஆகிய அனைத்தும் மாணவர்களாலேயே எனவும், பேனர் ஆற்றில் விழுந்தும்கூட ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை எனவும் தெரியவந்ததாம். ஆகவே இனி பேனர் மட்டும் செல்லும். அந்த ஊர்ப் பள்ளியும் நம்மிடம் கற்றுக்கொண்டு ஒரு பேனர் அடித்து அனுப்புகிறது. மாணவர்கள் வரிசையில் நின்று அதை வரவேற்று அறிவு பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

"அநியாயம் டீச்சர்! நாங்கதான் எதையும் பாக்கல. அடுத்து போறவங்களாவது பாக்க வேணாமா? நீங்க போய்க் கேளுங்க," என்றாள் வாயாடி.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்," என்று எட்டுப் பேரையும் இயக்குநர் அலுவலக வராந்தாவில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

"சார், பிள்ளைங்களை விட்டுட்டு..."

"வாங்க டீச்சர், உங்களைத்தான் நினைச்சேன்," என்று இயக்குநர் புதுப் பேனரை விரித்தார். அதே முகம், அதே மீசை. இடது கீழ் மூலையில், கம்பு நுழைக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில், டீச்சரின் முகம். 'இயக்குநரைக் காத்த ஆசிரியை.'

வராந்தாவுக்கே கேட்கும்படி டீச்சரின் குரல் உயர்ந்தது.

"இது நியாயமா சார்?"

"பாத்தியா, நமக்காகச் சண்டை போடறாங்க!" என்று தடியன் குதித்தான்.

"இவ்வளவு பெரிய பேனர்ல எனக்கு இந்த மூலைதானா? தூரத்துல இருந்து பாத்தா யாருன்னு தெரியுமா?"

பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். வாயாடி கதவிடுக்கில் தலையை நுழைத்துப் பேனரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீச்சர், இன்னும் மூணு மூலை காலியாத்தானே இருக்கு? அதுல எங்களைப் போடச் சொல்லுங்க!"

அவ்வளவுதான். மூன்று மூலைக்கு எட்டுப் பேரும் அடித்துக்கொண்டார்கள்.