சீமைக்குப் போன அரப்பு

பெருமாட்டி,
ஸ்ரீமுக வருஷம், மாசி மாதம்.

சிரஞ்சீவி ஆறுமுகசாமிக்கு, அப்பத்தா காளியாத்தாள் உச்சி முகர்ந்து எழுதுவது. இங்கே நானும், என் தம்பி பெரியமுத்துவும், தென்னை மரங்களும் சௌக்கியம். கிழக்கு வேலியோரத்துத் தென்னை மட்டும் சௌக்கியம் இல்லை, வண்டு விழுந்திருக்கிறது. ஜெர்மனியில் நீயும், உனக்குப் பாடம் சொல்லும் துரையும், துரை வளர்க்கும் பாசியும் சௌக்கியமா என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தை நான் யாரையும் வைத்து எழுதவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினாலும் என் எழுத்து என் எழுத்துத்தான்.

ஐப்பசியில் வந்த உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் காதில் விழட்டும் என்றே படித்தேன். கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாசியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதன்மேல் விளக்கு வெளிச்சம் விட்டு, அது விடுகிற பிராணவாயுவை ஒரு மெல்லிய குழாயில் ஏறி இறங்கும் நீர்மட்டத்தை வைத்து அளக்கிறாய் என்றும், இருட்டில் வைத்திருந்து திடீரென்று நீல வெளிச்சம் காட்டினால் பாசி முதலில் பளிச்சென்று சிவப்பாக ஒளிவிட்டு, உள்ளே வேலை சூடுபிடித்ததும் சிவப்பு மங்கி மூச்சு கூடுகிறது என்றும், வேலைக்கு ஆகாத வெளிச்சம்தான் அப்படிச் சிவப்பாக வெளியே வந்துவிடுகிறது என்றும் நீ எழுதியது எனக்கு ஒரே வாசிப்பில் விளங்கிவிட்டது. பெரியமுத்துவைப் பகல் தூக்கத்தில் எழுப்பினால் அப்படித்தான். முதலில் கண் சிவந்து கத்துவான், கையில் ஒரு மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவான். சாந்தம்மாளுக்குத்தான் விளங்கவில்லை.

"ஏனுங்க காளியாத்தாக்கா, பாசி வழிக்கறக்கா உங்க பேரன் கப்பலேறிப் போச்சு? எங்க ஊட்டுத் துவைக்கற கல்லுல வந்து வழிச்சிருந்தா நானே ஒரு வாய் காப்பி குடுத்திருப்பனே" என்றாள்.

"வழிக்கறதில்ல சாந்தம்மா, அது மூச்சு உடறத அளக்கறான்" என்றேன்.

"அப்படீங்களா? நீங்க இங்க உக்காந்து உடற பெருமூச்ச அளக்கறக்கும் ஒரு கொழாய் அனுப்பச் சொல்லுங்க."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுப்புப் புகை கண்ணில் பட்டிருந்தது. வாசலில் அடுப்பு ஏது என்று நீ கேட்பாய்; புகைக்கு வாசல் என்றும் சமையலறை என்றும் தெரியுமா?

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அங்கத்துப் பாசி விளக்குச் சூட்டில் துவண்டுவிடுகிறது. நம் மாட்டுத் தொட்டி ஓரத்தில் வெயிலில் காய்ந்து பொருக்காகி, தண்ணீர் பட்டதும் மறுபடி பச்சை பிடிக்கிறதே, அந்தப் பாசியில் ஒரு பிடி வேண்டும். அது சூட்டைத் தாங்கினால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து வேலையை முடிப்பாய். கிடைக்காவிட்டால் துரை கடையைக் கட்டிவிடுவார், நீ சித்திரையில் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். 'வேண்டியதுதான்' என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், அதில் வருத்தம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று. பிடிபடவில்லை.

ஆனாலும் பேரன் கேட்டதை இல்லை என்று சொல்கிற குடும்பமா நம்முடையது? அன்றே பொருக்கைச் சுரண்டி, உலர்த்தி, காகிதத்தில் மடித்து மாடத்தில் வைத்தேன். அதே மாடத்தில், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க இடித்து வைத்த அரப்பு இலைப் பொட்டலமும் இருந்தது. இரண்டும் பச்சைப் பொடி. பெரியமுத்து கோயமுத்தூர் போகிற அவசரத்தில் அரப்பை எடுத்துத் தபாலில் சேர்த்துவிட்டான். நான் பாசியை எடுத்துத் தலையில் தேய்த்துக்கொண்டேன். எத்தனை முழுக்குப் போட்டும் குளத்து மீன் வாசம் போகவில்லை, வெள்ளிக்கிழமை கோயிலில் சாந்தம்மாள் என்னை விட்டு நாலு ஆள் தள்ளி நின்றாள். அங்கே உன் துரை அரப்பைச் சாராயத்தில் ஊறவைத்து வெளிச்சம் காட்ட, அது இரத்தச் சிவப்பாக ஒளிவிட்டதாம், அவர் கைதட்டினாராம், மிச்சப் பொடியைத் தண்ணீரில் போட்டு விளக்கடியில் வைத்தால் ஒரு மூச்சுகூட விடவில்லையாம், செத்த இலைச் சாறும் மினுங்கும், ஆனால் மூச்சு விடாது என்று அப்புறம் ஆளுக்கு ஆள் சமாதானம் சொல்லிக்கொண்டீர்களாம். எல்லாம் உன் அடுத்த கடிதத்தில் படித்தேன். 'பொட்டலத்தைப் பிரித்ததும் அரப்பு வாசம் வந்தது அப்பத்தா, தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே பனியில் போய் நின்றேன்' என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் நான் சாந்தம்மாளுக்குப் படித்துக் காட்டவில்லை.

நீ மறுபடியும் கேட்டிருந்தபடியால் மறுபடியும் சுரண்டலாம் என்று தொட்டிக்குப் போனால், தொட்டி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பெரியமுத்து வேலந்தாவளம் சந்தையில் ஒரு ஜோடிக் காளை பிடித்து வந்திருந்தான். சீக்கு மாடு குடித்த தொட்டி என்று அதுகளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடக் கூடாதாம்.

"பாசி புடிச்சு நாறிக் கெடந்துதுங்கக்கா, சுண்ணாம்பு போட்டுத் தேச்சு உட்டேன். பாருங்க, மொகம் பாக்கலாம்" என்றான்.

"அடப்பாவி, அதுலதான்டா என்ற பேரனோட ரெண்டு வருசப் படிப்பு இருந்துச்சு!"

"அப்ப படிப்பு போச்சுங்களா?"

"போச்சு."

அவன் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். "அப்படீன்னா பையன் வந்துருவானுங்களா அக்கா?"

நான் அவனைத் திட்டவில்லை. வெயிலில் தேய்த்த களைப்புக்கு ஒரு சொம்பு மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆகவே, பாசி இல்லை. தொட்டியில் இல்லை, கிணற்றடியில் இல்லை, இந்தப் பெருமாட்டியிலேயே இல்லை, எல்லாம் காய்ந்து காற்றோடு போய்விட்டது என்று துரையிடம் பக்குவமாகச் சொல். ஒரு தடவை அரப்பு, ஒரு தடவை சுண்ணாம்பு. சாமிக்கே இஷ்டமில்லாத காரியத்தில் நாம் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாகிவிட்டது. எலப்புள்ளியில் உன் மாமன் மகள் பூமாரி இருக்கிறாள், அவளைப் பற்றி நான் இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. சித்திரையில் கப்பல் ஏறு.

ஊர் மாரியம்மன் உன்னைக் கடல் தாண்டியும் காக்கட்டும். பனியில் காதை மூடிக்கொள். துரைக்கும் துரைசானிக்கும் என் ஆசீர்வாதம். என்னைவிட மூத்தவர்களாக இருந்தால் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா காளியாத்தாள்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் துரைக்குப் படித்துச் சொல்ல வேண்டாம். இதோடு வரும் தகர டப்பாவில் பொருக்கு இருக்கிறது, கிணற்றடி வாய்க்காலில் சுரண்டியது. இருக்கிறதா செத்ததா என்று பார்ப்பதற்கு மட்டும் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்திருந்தேன். செத்திருந்தால் நிம்மதியாக மேலே உள்ளதோடு நிறுத்திக் கடிதத்தை ஒட்டியிருப்பேன். அது பச்சை பிடித்து, நேற்று உச்சி வெயிலில் முத்து முத்தாகக் குமிழியிட்டு மூச்சு விட்டது. மூச்சு விடுகிறதை எப்படி ஒளித்து வைப்பது, சொல். இரண்டு வருஷம் என்றால் இரண்டே வருஷம். டப்பா கப்பலில் இருட்டிலேயே வரும், வந்து சேர்ந்ததும் விளக்கடியில் வை. அங்கே வெயிலே வருவதில்லை என்கிறாய். அது வேலை செய்கிறபோது நீயும் கொஞ்ச நேரம் அந்த விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.