மைத்துனர் வீட்டு நீச்சல் குளத்தில் நாங்கள் இறங்கிய விதம்

இஸ்ஃபஹான்,
மெஹர் மாதம் 12

அன்பே உருவான மைத்துனர் ஷாபூர் ஜான் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவன் ஹெஷ்மத் எழுதிக்கொள்வது. உங்களுக்காக நான் பலியாகக் கடவேன். உங்கள் நிழல் எங்கள் தலைமேல் என்றும் குறையாதிருக்கட்டும். மெல்பர்னிலிருந்து விழுகிற நிழல் என்றாலும் நிழல் நிழல்தான்.

நீங்கள் நண்பர் மூலம் அனுப்பிய கணினியும், உலகத்தின் நிஜ ஊர்களை வானத்திலிருந்து காட்டி விமானம் ஓட்டவைக்கும் விளையாட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. உங்கள் கை நோகாதிருக்கட்டும். ஃபரங்கிஸ் தன் தம்பியை நேரில் பார்த்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தூதரகம் மூன்று முறை அவள் விண்ணப்பத்தைத் திருப்பியது. மூன்று முறையும் ஒரே காரணம், அங்கிருக்கும் உறவினர் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம் இல்லை. ஒரு பக்கக் கடிதம். நான்காம் முறை அவள் கேட்டபோது, "விசா, வரிசை, இந்தத் தொல்லையெல்லாம் எதுக்கு அக்கா? உலகத்தையே வீட்டுக்கு அனுப்பிடறேன், உக்காந்த இடத்துலேருந்து வந்து பாரு" என்றீர்கள். வந்த பெட்டி பதினான்கு கிலோ இருந்தது. ஒரு பக்கக் கடிதத்தைவிட இது கனமானது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன்.

முப்பத்தோரு ஆண்டு ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவன் நான். எங்கள் துறையில் வண்டியைத் திருப்புகிற வேலையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். ஆகாயத்தில் அந்த வசதி செய்து தரப்படவில்லை. என்றாலும் துணிந்து ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். ஃபரங்கிஸ் வெந்நீர்க் குடுவை, பிஸ்தா, தைத்துக்கொள்ள ஊசிநூல் எல்லாம் எடுத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். பயணம் போகிறவர் நல்லபடியாகத் திரும்பி வர, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றாமல் எந்தக் குடும்பம் வழியனுப்பும்? தானும் பயணி என்பதால் தனக்குப் பின்னால் தானே ஊற்றிக்கொள்ள முடியாது என்று கண்டு, கீழ்வீட்டு அக்தர் கானுமை அழைத்திருந்தாள். அந்த அம்மாள் கண் கலங்க, "போயிட்டு வாங்க, ஷாபூர் ஜானை நான் கேட்டதாச் சொல்லுங்க" என்று எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் மனதாரத் தண்ணீரை ஊற்றினார். கணினிக்கான மின்சாரப் பலகை தரையில் அங்கேதான் இருந்தது. எங்கள் முதல் பயணம் நாற்பது விநாடி நீடித்தது.

கணினிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வழியனுப்பினீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "இந்த மாசத்துல இது மூணாவது. அடுத்த தடவை படிக்கட்டுல ஊத்தச் சொல்லுங்க, ஐயா" என்றார். அப்படியே செய்தோம். முதல் மாடிக்காரர் வழுக்கி விழுந்தது தனிக் கதை. அவர் நலமாக இருக்கிறார், எங்களோடு பேசுவதில்லை.

பெரிய விமானத்திலிருந்து மேகம்தான் தெரியும் என்று ஃபரங்கிஸ் சொன்னதால், இரண்டு பேர் அமரும் சிறு விமானத்தைத் தேர்ந்தெடுத்தோம். தினமும் நாலு மணி நேரம் என்று பதினாறு நாள் பறந்தோம். நல்ல இடம் கண்ணில் படும்போதெல்லாம், நீங்களும் உடன் இல்லையே என்ற குறையில், உங்கள் இடம் காலியாக இருந்தது என்று தவறாமல் சொல்லிக்கொண்டோம். இதற்கிடையில் நாங்கள் மஸ்கட் வழியாகப் போனது தெரிந்துவிட்ட அக்தர் கானும், "மஸ்கட்டுலேருந்து எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். வெறுங்கையோடு திரும்பினோம் என்று எப்படிச் சொல்வது? கடைத்தெருவுக்குப் போய் ஒரு சால்வை வாங்கிக் கொடுத்தேன். மஸ்கட் சால்வையில் இஸ்ஃபஹான் கடை முத்திரை இருந்ததைப் பற்றி அவர் பெருந்தன்மையாக எதுவும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் உங்கள் முகவரிக்கு மேலே வந்தோம். நீங்கள் சொல்லி நாங்கள் அறிந்தது இரண்டே அறை. காலை நீட்டினால் ஜன்னலுக்கு வெளியே போய்விடும் என்றும், அதனால்தான் அக்காவைக் கூப்பிடக் கூசுகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கீழே இரண்டு மாடி, மாடியில் ஆறு ஜன்னல், பின்னால் புல்வெளி, புல்வெளிக்கு நடுவே நீல நிறத்தில் நீச்சல் குளம். ஃபரங்கிஸ் பிஸ்தாவைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு சுத்து போங்க."

போனேன். பதினான்கு சுற்று போனேன். எரிபொருள் முள் தரையைத் தொட்டது.

"விமான நிலையத்துல இறக்கவா?"

"எதுக்கு? தம்பி வீடு இருக்கும்போது வெளியில தங்கினா ஊர் என்ன சொல்லும்? இங்கேயே இறக்குங்க."

குளத்தில் இறங்கினோம். பயணம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பாருங்க, அவன் வீட்டுல விழுந்து சாகறதுக்கு ஒரு அழைப்புக் கடிதமும் கேக்கல" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் ஆகிறது; கணினியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் நீங்கள் "இது உங்க சொந்த வீடு அக்கா" என்று சொல்வீர்கள். மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்தது எங்கள் குற்றம். எங்கள் சொந்த வீட்டைப் பார்க்க ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் துணைவியார் நஸ்தரனுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் முத்தங்கள். இறைவன் உங்களுக்கு இன்னும் பல மாடிகள் அருளட்டும்.

உங்கள் காலடி மண்,
ஹெஷ்மத்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் கணினிக் கடைக்காரர் வந்தார். வானத்திலிருந்து எடுத்த தெளிவான படம் கிடைக்காத இடத்தில் இந்த விளையாட்டு தானாக ஊகித்து வீடு கட்டிவிடுமாம். சோதிக்க எங்கள் கட்டடத்தைத் தேடினோம். அந்த இடத்தில் பைன் மரத்தோப்பு நிற்கிறது. ஆகவே மேலே எழுதியவை அனைத்தையும், மாடி, புல்வெளி, குளம் உட்பட, வெட்கத்துடன் திரும்பப் பெறுகிறேன். மன்னியுங்கள். ஆனால் இதை ஃபரங்கிஸிடம் சொல்ல உள்ளே போவதற்குள் அவள் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி முடித்திருந்தாள். சண்டை போடவில்லையாம். "அந்தக் குளத்துத் தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்குமா நஸ்தரன்?" என்று மட்டும் கேட்டாளாம். "இல்லக்கா, போன வருஷமே சூடு பண்ற இயந்திரம் வச்சாச்சு" என்று பதில் வந்ததாம். எனவே திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெறுகிறேன். அழைப்புக் கடிதத்தில் எங்கள் இருவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும். எத்தனை நாள் தங்குவார்கள் என்ற இடத்தில் தொண்ணூறு என்று போடுங்கள். ஃபரங்கிஸ் நீச்சல் உடைக்குத் துணி வெட்டிவிட்டாள்.