வளர்நகர மையத்தில் மௌரீனின் மளிகைக் கடை

ஓர் இடம் வளர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பெங்களூரில் எளிய வழி ஒன்று உண்டு. வளர்ந்தால் பெயரை மாற்றிவிடுவார்கள். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பின்னால் மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பியதும் அதற்கு 'வளர்நகர மையம்' என்று பெயர் சூட்டி, பலகையும் நட்டார்கள்.

பலகைக்குப் பிறகு எல்லாம் வந்தன. காபி குடிக்கும் இடங்கள் வந்தன. நாய்களுக்கு முடி வெட்டும் சலூன் வந்தது. மௌனமாக உட்கார்ந்திருப்பதற்குக் கட்டணம் வாங்கும் நிலையம் ஒன்றும் வந்தது. ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்க மட்டும் இடமில்லை. அதற்கு மேம்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் போனில் 'சட்டுக்கூடை' ஆப்பைத் திறக்க வேண்டும். சட்டுக்கூடையில் தக்காளி நசுங்கி வருகிறது, வெங்காயம் முளைவிட்டு வருகிறது என்று மையவாசிகள் ஒருவர் விடாமல் குறைப்பட்டார்கள். குறைப்பட்டுக்கொண்டே மறுபடியும் ஆர்டர் போட்டார்கள்.

இந்தக் குறைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டவள் மௌரீன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையில் இருந்தாள். பூர்வீகம் கோலார் தங்கவயல். கல்யாணமாகி லிங்கராஜபுரம் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தபோது, அதை எப்படி இயக்குவது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்த டவர் லேடீஸ் எல்லாம் என்னப் பாத்தா ஒரே பேச்சுதாங்க. 'மௌரீன், எங்க பில்டிங் கீழ ஒரு கடை இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்'னு. நாமளே போட்டா இன்னா?" என்று கணவனிடம் கேட்டாள்.

கிளெமென்ட் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். ஓய்வு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. "போட்ருலாம். ரேக் எல்லாம் நானே அடிச்சித் தரேன்" என்றார். டவரின் தரைத்தளத்தில் ஷட்டர் போட்ட கடையறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். கிளெமென்ட் ரேக் அடித்தார், பச்சைப் பெயின்டும் பூசினார். ஷட்டரைத் தூக்கலாம் என்று போனபோதுதான் அதில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. 'சில்லறை வணிகத் தாங்குதிறன் பிரிவின் முன் அனுமதி இன்றி இப்பகுதியின் மீது மளிகைச் சுமை ஏற்றப்படலாகாது' என்று அதில் எழுதியிருந்தது.

தாங்குதிறன் பிரிவின் உதவி இயக்குநர் பெயர் நஞ்சுண்டப்பா. நல்ல மனிதர். யாரையும் நிற்க வைக்க மாட்டார், உட்காரச் சொல்லித்தான் முடியாது என்பார்.

"கூத்கோம்மா, உக்காருங்க. நோடிம்மா, பாருங்க, இது வளர்ற எடம். வளர்ற எடம் எவ்ளோ கடையைத் தாங்கும்னு தெரியாம நாம கடையை வெச்சா, நாளைக்கு அது தாங்காம போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"தாங்காம போச்சுன்னா இன்னா சார் ஆவும்? பூமிக்குள்ள போயிடுமா?"

"அதுதான் தெரியாது. அதனாலதான் ஆய்வு."

ஆய்வுக்கு ஒரு ஆலோசனை நிறுவனத்திலிருந்து சிந்து என்ற இளம்பெண் வந்தாள். ஈரோட்டுக்காரி. வேலைக்காகப் பெங்களூர் வந்து ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். டவரின் வாசலில் நாற்காலி போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தாள். கையில் மளிகைப் பையோடு வருகிறவர்களையும் போகிறவர்களையும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு நஞ்சுண்டப்பாவின் அறையில் ஆய்வு முடிவு வாசிக்கப்பட்டது. மௌரீனும் கிளெமென்ட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"பையோட நடந்தவங்க யாருமே இல்லைங்க சார். ஆகவே இந்தப் பகுதியில மளிகைத் தேவை பூஜ்யம்னு டேட்டா சொல்லுது" என்றாள் சிந்து.

மௌரீன் சிந்துவின் பக்கம் திரும்பினாள். "கடையே இல்லாத எடத்துல பையை எடுத்துக்கினு எங்கம்மா போவாங்க?"

"நீங்க சொல்றது கருத்துங்க மேடம். இது டேட்டா."

நஞ்சுண்டப்பா வருத்தத்தோடு தலையாட்டினார். "ஆகல்லம்மா, முடியாது. ஒரே ஒருத்தர் பையைத் தூக்கிட்டு நடந்திருந்தாக்கூட நான் ஏதாவது செஞ்சிருப்பேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மௌரீன் அழுதுவிடுவாளோ என்று கிளெமென்ட்டுக்குப் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் நிமிர்ந்தாள். "பையோட நடக்கணும், அவ்ளோதானே? நடக்க வெக்கிறேன்" என்றாள்.

மறுநாள் டவருக்குப் போய், தனக்குத் தெரிந்த பெண்களைப் பார்த்தாள். பிரிஜெட் என்பவள் அங்கே குடியிருப்போர் சங்கத்தின் கலாசாரச் செயலாளர். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு டீ-ஷர்ட் அடித்துவிடக் கூடியவள். மௌரீன் சொன்னதைக் கேட்டதும் பிரிஜெட்டின் கண்கள் மின்னின.

"வெறும் பையோட நடக்கணுமா? ஓ மை காட், இது ஒரு மூவ்மென்ட் மௌரீன்!"

"மூவ்மென்ட் எல்லாம் வேணாங்க. நாலு பேர் அப்படி இப்படி நடந்தாப் போதும்."

நாலு பேரோடு நிற்கவில்லை. 'பை நடை' என்று பெயர் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை டவரைச் சுற்றி ஒரு கூட்டமே நடந்தது. அடுத்த ஞாயிறு பக்கத்து டவரும் சேர்ந்துகொண்டது. பை நடைக்கு என்று சணல் பை, கலம்காரிப் பை, பழைய சேலையில் தைத்த பை எல்லாம் வந்தன. வெறும் பையைச் சுமக்கும்போது மனசில் இருக்கும் பாரம் இறங்குகிறது என்று ஒருவர் பேட்டி கொடுத்தார். பையை எந்தத் தோளில் மாட்டினால் முதுகெலும்புக்கு நல்லது என்று விளக்கம் சொல்ல இந்திரா நகரிலிருந்து ஒரு நிபுணர் வந்து போனார். நடந்து முடித்தவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு காபி குடித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய் சட்டுக்கூடையில் பால் ஆர்டர் போட்டார்கள்.

இந்த ஞாயிறுகளில் எல்லாம் சிந்து மறுபடியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குறித்துக் குறித்து அவள் விரல் வலித்தது.

இரண்டாவது முடிவை அவள் படபடப்போடு வாசித்தாள். "சார், தேவை பயங்கரமா ஏறிடுச்சுங்க. இந்தப் பகுதி ஒரே சமயத்துல பதினோரு மளிகைக் கடைகளைத் தாங்கும்."

மௌரீன் கிளெமென்ட்டின் கையைப் பிடித்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டோம்" என்றார் நஞ்சுண்டப்பா. முகம் முன்னைவிட வாடியிருந்தது. "அதனாலதான் கஷ்டம் ஆயித்து. பதினோரு கடை வேண்டிய எடத்துல உங்க ஒரு சின்னக் கடைக்கு மட்டும் அனுமதி குடுத்தா, அது ஜனங்களுக்குச் செய்யற அநியாயம் இல்லையா? பாக்கிப் பத்துக் கடைக்கு யார் பொறுப்பு?"

"முதல்ல தேவையே இல்லைன்னு சொன்னீங்க" என்றாள் மௌரீன்.

"அப்போ இல்லை."

"இப்போ தேவை ஜாஸ்தின்னு சொல்றீங்க."

"இப்போ ஜாஸ்தி. ரெண்டுமே டேட்டாம்மா."

கிளெமென்ட் கோபம் வந்து எழுந்துவிட்டார். மௌரீன் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பல வருஷம் பில் கவுன்டரில் நின்று, காலாவதியான கூப்பனோடு சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளித்தவள் அவள். முட்டாள்தனத்தோடு மோதக் கூடாது, அதன் பக்கத்தில் நின்றுகொண்டு அது போகிற திசையிலேயே மெல்லத் தள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், பதினோரு கடை வரட்டும். நான் வேணாம்னு சொல்லல. ஆனா அந்தப் பதினொண்ணுல முதல் கடைன்னு ஒண்ணு இருக்கணும் இல்லீங்களா? முதல் கடை இல்லாம ரெண்டாவது கடையை எப்படித் தொறப்பீங்க?"

நஞ்சுண்டப்பா விட்டத்தில் சுற்றும் ஃபேனைப் பார்த்தார். அவர் பணியில் சேர்ந்த நாள் முதல் அந்த அறையில் இப்படி ஒரு நியாயம் ஒலித்ததில்லை.

"ஹௌதல்லா... சரிதான்" என்றார் மெதுவாக. "முதல் கடை இல்லேன்னா மொத்தத் திட்டமே நின்னுபோகும்."

"அதுதான் சார் என்னோட கடை."

அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு. திறப்பு விழா நாளிலேயே கள ஆய்வு நடக்கும். அன்று மாலைக்குள் ஒரு வாடிக்கையாளராவது கடைக்குள் வந்து பொருள் வாங்கிப் போக வேண்டும். இல்லையென்றால் இந்த இடம் கடையைத் தாங்கவில்லை என்று பொருள். அனுமதி தானாகவே ரத்தாகும்.

"ஒரே ஒருத்தரா? அன்னிக்கு நிக்க எடம் இருக்காது சார்" என்று சிரித்தாள் மௌரீன்.

அவள் சொன்னது பலித்தது. சனிக்கிழமை காலை பாதிரியார் வந்து ஜெபம் செய்து, கடையை மந்திரித்துவிட்டுப் போனார். நஞ்சுண்டப்பா ரிப்பன் வெட்டினார். பிரிஜெட்டின் தலைமையில் பை நடைக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கிளெமென்ட் அடித்த பச்சை ரேக்குகளில் அரிசியும் பருப்பும் புளியும் அடுக்கியிருந்தன. வாசலில் வாழைத்தாரும் கொத்தமல்லிக் கட்டுகளும் இருந்தன. நடுவில் எலுமிச்சம்பழங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தாள் மௌரீன். எல்லாரும் அந்தக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அப்படியே ஊர்க் கடை மாதிரியே இருக்கு! இந்த வாசனை, எவ்ளோ ஆதென்டிக்!" என்றாள் பிரிஜெட், புளிப்பானையின் மேல் குனிந்து.

"அரைக் கிலோ போடட்டுமா?"

"இல்ல மௌரீன், வீட்ல ஸ்டாக் இருக்கு. மாசா மாசம் தானா வந்துடுது, நிறுத்தத் தெரியல."

மௌரீன் இன்னொருத்தியிடம் கொத்தமல்லியை நீட்டினாள். அந்தப் பெண் பதறிப் பின்வாங்கினாள். "ஐயோ, ஈரமா இருக்கு. இது நடக்கற பைங்க. இதுல சாமான் போட்டா அழுக்காயிடும்."

மத்தியானம் ஆயிற்று. கூட்டம் குறையவில்லை, கல்லாவும் திறக்கவில்லை. நஞ்சுண்டப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிந்துவின் டேப்லெட்டில் ஒரு கோடுகூட விழவில்லை. அவளுக்கே பாவமாக இருந்தது.

"நீங்களே ஏதாவது வாங்குங்களேன் சார்" என்றாள்.

"ஆய்வு பண்றவங்க வாங்கக் கூடாது. அது டேட்டாவை மாசுபடுத்தும். வீட்லேந்துகூடப் போன் வந்துச்சு, வெங்காயம் வேணுமாம். ஆப்ல போட்டுட்டேன்" என்றார் நஞ்சுண்டப்பா.

மௌரீனுக்குப் பயம் வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் அவளைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொன்னபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. அது அவர்கள் கடை. இது அவளுடையது. ரேக்கில் இருந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் அவள் கையால் துடைத்து வைத்தது.

"எல்லாருக்கும் தொண்டை காஞ்சிருக்கும். கொஞ்சம் ஜூஸாவது போட்டுக் குடுங்க" என்றாள் கிளெமென்ட்டிடம். கிளெமென்ட் கோபுரத்துப் பழம் ஒன்றைத் தொடப்போனார்.

"அதைத் தொடாதீங்க! சரிஞ்சிடும். எல்லாரும் அதுங்கிட்டதான் போட்டோ எடுக்கறாங்க."

கிளெமென்ட் பின்பக்கம் போனார். சற்று நேரத்தில் ஒரு பைக் வாசலில் வந்து நின்றது. சட்டுக்கூடையின் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட, நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார்.

"ஒரு டஜன் எலுமிச்சம்பழம் குடுங்கம்மா. எங்க கிடங்குல தீர்ந்துபோச்சு, பக்கத்துக் கடையில வாங்கிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. சீக்கிரம், நேரம் ஓடுது."

நஞ்சுண்டப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். சிந்து டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தாள். மௌரீன் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்தாள். கோபுரம் சரியவில்லை, குட்டையாயிற்று. பையில் போட்டு, பில் போட்டு, காசை வாங்கிக் கல்லாவில் போட்டாள். கல்லா மூடும் சத்தம் கேட்டதும் பிரிஜெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீசைக்காரர் வாசலுக்குப் போனார். போனைப் பார்த்தார். கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். திரும்பி உள்ளே வந்தார்.

"இங்க கிளெமென்ட் யாருங்க? இந்த ஆர்டர் அவர் பேர்லதான் இருக்கு, அட்ரஸும் இந்தக் கடைதான்."

பின்பக்கத்திலிருந்து கிளெமென்ட், கையில் கத்தியோடும் ஜக்கோடும் வந்தார். மௌரீன் அவரைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"நீதானே கடைப் பழத்தைத் தொடாதேன்னே" என்றார் அடிக்குரலில்.

மௌரீன் நஞ்சுண்டப்பாவின் பக்கம் திரும்பினாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாம் அவர் கண் முன்னால்தான் நடந்தது, அவர் முகமோ மலர்ந்திருந்தது.

"எழுதிக்கோம்மா" என்றார் சிந்துவிடம். "ஒரே நேரத்துல விற்பனையும் நடந்திருக்கு, டெலிவரியும் நடந்திருக்கு. கடைக்காரங்களே வெளியிலேந்து வாங்கற அளவுக்கு இங்க தேவை இருக்கு. ஒரு கடை பத்தலை!"

ஜூஸ் வந்தது. குடித்துவிட்டு நஞ்சுண்டப்பா நாற்காலியின் மேல் கை வைத்து நின்று அறிவித்தார். மௌரீனின் அனுமதி நிரந்தரமாக்கப்படுகிறது. பாக்கிப் பத்துக் கடைகளும் இதே வரிசையில், இதே டவரின் கீழே, உடனடியாகத் திறக்கப்படும்.

எல்லாரும் கை தட்டினார்கள். மௌரீனும் தட்டினாள். ஆளுக்கு ஒரு கையில் போன் இருந்ததால் சத்தம்தான் அவ்வளவாக வரவில்லை.