முருகேசன் – மாரியம்மாள் கண்ணாடி

இந்தக் கதையின் நடுவில் ஒரு பத்து நிமிடம் நான் அந்த இடத்தில் இல்லை. பால் வாங்கப் போயிருந்தேன். அந்தப் பகுதி அக்கா சொல்லிக் கேட்டது. சொல்லும்போது அவள் கையில் பூரிக்கட்டை இருந்தது. அதனால் நான் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரே வேலைதான். ஹாலில் கண்ணாடி மாட்ட வேண்டும்.

அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வருகிறார்கள். விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பத்து. அதற்குள் கட்டில், பீரோ, கிரைண்டர். 'சின்ன வீட்டைப் பெரிதாகக் காட்ட, பழைய காலத்துக் கண்ணாடிகளை மாட்டுங்கள்' என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பட்டாசு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். அளவு தெரிந்தவள்.

"ஏலே பாண்டி, கண்ணாடி மாட்டுனா ரெண்டு கிரைண்டரால்ல தெரியும்?"

"அப்படியில்லம்மா. வீடு விசாலமாத் தெரியும்."

"என்னமோப்பா. படிச்ச பிள்ள சொல்ற."

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். அதனால் என்னை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அதுதான் பிரச்சினை!

சனிக்கிழமையே விருதுநகரில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போய் இரண்டு கண்ணாடி எடுத்தேன். ஒன்று, ஏதோ சலூனில் இருந்தது. ஆள் நீளம். உச்சியில் சிவப்புப் பெயின்டில் 'இங்கு அரசியல் பேசாதீர்.'

இன்னொன்றுதான் கதாநாயகன். தேக்குச் சட்டம். மேலே செதுக்கிய இரண்டு மயில். ஓரமெல்லாம் ரசம் போய்க் கறுப்புப் புள்ளிகள். கீழே அழுக்குக்குள் என்னவோ எழுத்து. கட்டைவிரலால் தேய்த்தேன்.

'மாரியம்மாள்.'

அக்கா பெயர்! இருக்கன்குடி கோயிலுக்கு நேர்ந்து பிறந்தவள் என்பதால் வைத்த பெயர். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"உங்களுக்குன்னே வந்த சரக்கு தம்பி," என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து பல்பொடி போட்டுத் தேய்த்தேன். முழு வரியும் பளிச்சென்று வந்தது. 'மணமக்கள் முருகேசன் – மாரியம்மாள் வாழ்க! அன்பளிப்பு: நண்பர்கள்.' அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் கொடுக்கிற பொருளில் இப்படி எழுதித்தான் கொடுப்பார்கள்.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனியில் நான் புரூஃப் பார்க்கிறவன். பழக்கதோஷத்தில் வரியை இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழை இல்லை. திருப்தியாக, வாசலுக்கு நேரே மாட்டினேன்.

அக்கா பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆண் பெயர் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா அதில் முகம் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். முதல் பத்து நிமிடம் எல்லாம் நல்லபடி. மாப்பிள்ளையின் அப்பா, "எலெக்சன்ல உங்க பக்கம் எப்படி?" என்று ஆரம்பித்தவர், சலூன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சரி, மழை எப்படி?" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பால் திரிந்தது. நான் கடைக்கு ஓடினேன்.

இனி அக்கா சொன்னது.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்து கண்ணாடி முன் நின்று கொண்டையைச் சரி செய்தாராம். அப்படியே குனிந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாராம்.

"பொண்ணு பேரு என்னன்னு சொன்னீக?"

"மாரியம்மா," என்றிருக்கிறாள் அம்மா, பெருமையாக.

"அப்ப முருகேசன் யாரு?"

அம்மா யோசித்துவிட்டு, "எந்த முருகேசன்? தண்ணி வண்டிக்காரரா?" என்று கேட்டாளாம்.

முடிந்தது!

நான் பால் பாக்கெட்டோடு திரும்பியபோது ஏழு பேரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "மொதக் கல்யாணத்த மறைச்சவுக, அந்தக் கண்ணாடியவாச்சும் மறைச்சிருக்கலாம்ல!" என்றார் அத்தை.

ஓடிப்போய் நடுவில் நின்றேன். "அத்தை, அது நேத்து நான் கடையில வாங்குனது! அது வேற மாரியம்மா!"

"பொண்ணு பாக்க வாரன்னைக்கு, அடுத்தவுக கல்யாணக் கண்ணாடிய யாராச்சும் வாங்கி மாட்டுவாகளா தம்பி?"

அதற்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

"நான் மாட்டுவேன் அத்தை."

யாரும் நம்பவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மயில் கண்ணாடியா? சாத்தூர் முருகேசன் அண்ணாச்சி போட்டுட்டுப் போனதுல்ல! அவருக்கு எழுபது வயசு இருக்கும். ஏன் தம்பி, ஒடஞ்சிருச்சா? எடுத்தபிறகு ரிட்டன் கிடையாது!"

அத்தை ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை.

"சரி, வேற மாரியம்மாதான். ஆனா கல்யாணக் கண்ணாடிய யாரு விப்பா? புருசன் பொஞ்சாதி பிரிஞ்சிருந்தாத்தான் விப்பாக. இந்தப் பிள்ளைக்கும் அதே பேரு. பிரிஞ்ச சோடி பேரு பொண்ணு பாத்த எடத்துல தொங்குதுன்னா, எனக்கு மனசு ஒப்பல. அவுக சேந்து இருக்காகளான்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தெருமுனையில் திரும்பிப் பார்த்தார்.

அக்கா பூரிக்கட்டையோடு வந்தாள். "ஏலே, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. கண்ணாடி வழியா அவரு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. கெடுத்தவன் நீ. நீயே சரிபண்ணு."

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு சாத்தூர் போனேன். பஸ்ஸில் இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் கொண்டுபோகிறவர்கள் இருந்தார்கள். அவர்களோடு நானும் ஒன்றை மனசுக்குள் நேர்ந்துகொண்டேன். அண்ணாச்சியும் பொண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கணும், தாயே!

கடைக்காரர் சொன்ன அடையாளத்தில் கதவைத் தட்டினேன். ஓர் அம்மா திறந்தார். உள்ளே நாற்காலியில் ஓர் அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"மாரியம்மா அம்மாவா? நீங்க... ரெண்டு பேரும்... நல்லா இருக்கீகளா?"

"யாருய்யா நீ? சென்சஸ் எடுக்க வந்தியா?"

கண்ணாடி விவரத்தைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறியது.

"ஒங்கிட்டயா இருக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வித்துட்டாருய்யா இந்த மனுசன்! நான் மக வீட்டுக்குப் போயிருந்த நேரம் பாத்து! திரும்பி வந்ததுல இருந்து அவருகூடப் பேச்சுவார்த்த கிடையாது."

அண்ணாச்சி பேப்பரை இறக்காமலே, "ரசம் போனத வச்சு என்ன செய்ய? மூஞ்சியே தெரியல," என்றார்.

"தெரிஞ்சவரைக்கும் போதும்னு அவருகிட்டச் சொல்லுப்பா," என்றார் அந்த அம்மா என்னிடம்.

சொன்னேன். இரண்டடி தூரத்தில் இருந்தவரிடம்.

வெளியே வந்து யோசித்தேன். 'சேர்ந்து இருக்கிறார்கள்' என்பதோடு நிறுத்தினால் பொய் இல்லை. ஆனால் பாதி வரியோடு நிறுத்துவது புரூஃப் பார்க்கிறவனுக்குப் பழக்கமில்லை. அத்தைக்குப் போன் போட்டு, பேசாமல் இருப்பதையும் சேர்த்தே சொன்னேன்.

சொன்ன பிறகுதான் நினைத்தேன், போச்சு!

"ஒரே வீட்லதான இருக்காக?"

"ஆமா அத்தை."

"சோறு அந்த அம்மாதான் பொங்கிப் போடுதா?"

"போறப்ப கொழம்பு வாசம் அடிச்சுச்சு அத்தை."

"அப்ப நல்லாத்தான் இருக்காக. அந்தக் கண்ணாடிய அந்த அம்மாகிட்டக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரோம்."

கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, லோடு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பூ வைத்த மறுநாள், அந்த இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று மனசு கேட்காமல் போனில் விசாரித்தேன்.

பேசிக்கொள்கிறார்கள். கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று, மூன்று நாளாக.